புன்னைத்துறையின் முதல் தண்ணீர்

காலை 5.55.

புன்னைத்துறைச் சந்தைக் குழாயடியில் தொண்ணூற்று நாலு பிளாஸ்டிக் தண்ணீர்க் கான்கள் வரிசையாக நின்றன. கான்களுக்குப் பக்கத்தில் சொந்தக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். முதலாவது கானுக்குப் பக்கத்தில் மட்டும் ஆள் இல்லை.

அது மஞ்சள் கான். சிவப்புப் பெயின்ற்றால் 7 என்று இலக்கம் போட்டிருந்தது. ஏழாம் இலக்கக் கொட்டிலின் கதிர்காமத்தம்பி முந்தின நாள் பின்னேரமே கொண்டுவந்து வைத்தது. மூன்று மாதமாக அந்த முதலிடத்தை அந்த மனிதர் ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"கிழவனுக்கு இண்டைக்கு நித்திரை முறியல்லப் போல" என்று யாரோ பகிடி விட்டார்கள். இரண்டாவதாக நின்றவர் மஞ்சள் கானைக் காலால் மெதுவாக ஒதுக்கிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் கொட்டில் பக்கமிருந்து கதிர்காமத்தம்பியின் மனைவி அன்னப்பூரணியின் குரல் வந்தது.

"ஓடி வாங்களேன்! இந்த மனிசன் எழும்புறாரில்லையே!"

கதிர்காமத்தம்பிக்கு வயது அறுபத்தாறு. இரவு முழுக்க வயிற்றோட்டம். பக்கத்துக் கொட்டில்காரரை எழுப்புவோமா என்று மனைவி கேட்டதற்கு, "விடியட்டும், சனத்தக் கரைச்சல்படுத்தாத" என்று சொல்லிவிட்டார். விடிந்தபோது அவர் இல்லை. பத்து மாதத்துக்கு முன் சுனாமி அடித்த அன்று தென்னையைப் பிடித்துக்கொண்டு தப்பிய மனிதரை வயிற்றோட்டம் கொண்டுபோனது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது!

6.30க்குள் இன்னும் பத்துப் பேரை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அதில் நாலு பேர் சின்னப் பிள்ளைகள். ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சி. அழுகைச் சத்தத்தில் அன்று குழாயை ஒருவரும் திறக்கவில்லை.

6.45.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வினாயகமூர்த்தி மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே கத்திக்கொண்டுதான் இறங்கினார். "குழாயத் திறந்தீங்களா? ஆர் திறந்தது? ஒருத்தரும் ஒரு சொட்டுக் குடிக்கப்படாது!"

அவர் எப்போதும் அப்படித்தான். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக மட்டக்களப்பு வாவிக் கரையோரம் கிணறு, மலகூடம், இறைச்சிக்கடை, கலியாணவீட்டுச் சாப்பாடு என்று மணந்து பார்த்தே காலம் போனது. சனத்துக்கு ஒன்றைப் பத்துத் தரம் சொல்லிச் சொல்லி அலுத்த மனிதர். ஆனால் வேலையில் சுத்தம். புன்னைத்துறையின் கிணறுகளை எல்லாம் கடல் உப்பாக்கிவிட்ட பிறகு, ஊர் முழுவதற்கும் ஒரே குடிதண்ணீர் ஏற்பாட்டை உண்டாக்கியவர் அவர்தான்.

ஏற்பாடு இதுதான். ஆரையம்பதிப் பக்கமுள்ள ஒரு பொதுக் கிணற்றிலிருந்து பவுசர் என்ற தாங்கி லொறியில் தண்ணீர் வரும். ஒவ்வொரு பின்னேரமும் துறையடியில் இருக்கும் உயரத் தாங்கியை அது நிரப்பும். காலையில் ஒருவர் தாங்கியில் ஏறிக் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றுவார். மருந்து போட்டு அரை மணி நேரம் விட்டால்தான் கிருமி சாகும். அதன்பிறகு சந்தையடியில் இன்னொருவர் வால்வைத் திறப்பார். தாங்கிக்கும் சந்தைக்கும் இடையே இருநூறு யார் தூரம். நடுவில் கோயில் மதில் மறைத்து நிற்பதால், அங்கே நிற்பவருக்கு இங்கே நடப்பது தெரியாது.

அதற்காகத்தான் வினாயகமூர்த்தி நேரத்தை எழுத்தில் கொடுத்திருந்தார். லமினேட் பண்ணி, தாங்கியின் காலில் ஒன்று, வால்வுப் பெட்டியில் ஒன்று கட்டியிருந்தது.

'மருந்து போடுவது: மு.ப. 5.30. குழாய் திறப்பது: மு.ப. 6.00. இடையில் அரை மணி நேரம். ஒரு நிமிடமும் குறையக் கூடாது.' கீழே கையொப்பம், பதவி, இறப்பர் முத்திரை.

தன் வாழ்நாளில் எழுதிய கடதாசிகளிலேயே இதுதான் திறமானது என்று அவருக்கு ஓர் எண்ணம்.

7.10.

தாங்கியிலிருந்து சிறு குப்பியில் தண்ணீர் எடுத்தார். சோதனைக் குளிசையைப் போட்டுக் குலுக்கினார். தண்ணீர் இளஞ்சிவப்பானது. குளோரின் 0.5. அச்சொட்டான அளவு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஒன்பது மணிக்கு அவர் பார்க்கும் அதே அளவு.

"மருந்து போட்டிருக்கு. மருந்து காணவும் காணும். ஆனா ஆள் செத்திருக்கு" என்று தனக்குள்ளே முணுமுணுத்தார். "என்ன கோதாரி இது!"

8.20. பொலிஸ் சாவடி.

பவுசர் ஓட்டுநர் முஹம்மட் மர வாங்கில் குந்தியிருந்தார். காத்தான்குடிக்காரர். காலையில் வழக்கம்போல முதல்நாள் தண்ணீருக்குக் கையெழுத்து வாங்க வந்தவரைச் சனம் சூழ்ந்துகொண்டது. இரண்டு கல் விழுந்து பவுசரின் முன்கண்ணாடி போய்விட்டது. சார்ஜன்ற் வந்து ஆளைச் சாவடிக்குக் கொண்டுபோயிராவிட்டால் அவரும் போயிருப்பார்.

"நஞ்சு போட்டவன் இவன்தான் எண்டு எல்லாரும் சொல்றாங்க" என்றார் சார்ஜன்ற். "நான் இவன்ட பவுசர் தண்ணி ஒரு கிளாஸ் குடுத்தன். குடிச்சுக் காட்டு எண்டன். குடிக்க மாட்டன் எண்டு சொல்றான். அது போதும்தானே?"

வினாயகமூர்த்தி தலையில் கை வைத்தார்.

"சார்ஜன்ற், இது என்ன மாசம்? நோன்பு மாசம்! பகலில அவர் எச்சிலும் விழுங்க மாட்டார். அது சரி, மருந்து போடாத பவுசர் தண்ணிய ஆர் உங்களக் குடுக்கச் சொன்னது? அவருக்கும் வயித்தோட்டம் வரணுமா?"

சார்ஜன்ற் கிளாசை மேசையில் தள்ளி வைத்தார்.

"முஹம்மட், எங்க எடுத்த தண்ணி?"

"எப்பயும் எடுக்கிற கிணறுதான் சேர். வேற எங்க போவன்? சனத்துக்கு நான் என்ன பழி வச்சன்? என்ட வீட்டுக்குள்ளயும் கடல் வந்ததுதானே!"

"மழைக்குப் பிறகு கிணத்துத் தண்ணி எப்படி?"

"கொஞ்சம் கலங்கல். உங்களுக்குச் சொல்லணும் எண்டுதான் இருந்தன்."

"இருந்தீங்க! சொன்னீங்களா?"

முஹம்மட் தலையைக் குனிந்தார். வாசலில் அவருடைய மனைவி றமீஸா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "சேர், இவர மட்டக்களப்புக்குக் கொண்டுபோனா மறுகா எப்ப விடுவாங்க எண்டு ஆருக்குத் தெரியும்? போன ஆக்களெல்லாம் வந்தாங்களா?" என்றாள். அந்த வருடங்களில் அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

"அஞ்சு மணிக்கு ஜீப் போகும்" என்றார் சார்ஜன்ற். "அதுக்கு முன்னம் வேற பேர் கொண்டு வாங்க. இல்லாட்டி இவர்ட பேர்தான் போகும். வெளிய நிக்கிற சனத்துக்கு நான் ஒரு பேர் சொல்ல வேணும்."

9.10. சந்தையடி.

வால்வுக்குப் பொறுப்பு நல்லரத்தினம். தபாற்கந்தோரில் முப்பது வருடம் இருந்து இளைப்பாறியவர். சட்டைப் பையில் சின்ன வானொலி.

"எத்தனை மணிக்குத் திறக்கிற நீங்க?"

"ஆறு. கொழும்பு வானொலியில ஆறு மணிக்கு 'பீப்' எண்டு சொன்ன உடன திறப்பன். ஒரு நாளும் முந்தினதில்ல, பிந்தினதில்ல. கொப்பியப் பாருங்க."

வினாயகமூர்த்தி கொப்பியைப் பார்த்தார். 6.00, 6.00, 6.00. மூன்று மாதமாக ஒரே கையெழுத்து, ஒரே மை.

"குழாய்க்குள்ள பழைய தண்ணி நிக்கிறதா?"

"நிக்க விட மாட்டன். பின்னேரம் வடிச்சுப்போட்டுத்தான் வீட்ட போவன். நீங்க சொன்னதுதானே."

பிழை பிடிக்க ஒன்றுமில்லை. வினாயகமூர்த்திக்கு அதுதான் எரிச்சல். திரும்பும்போது கால் மஞ்சள் கானில் இடறியது. அன்றைய கான்கள் அப்படியே வரிசையாக நின்றன. சனம் செத்தவீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடியதில் ஒருவரும் திருப்பி எடுக்கவில்லை.

7 என்ற இலக்கத்தைப் பார்த்ததும் அவருக்குப் போன கிழமை ஞாபகம் வந்தது. கதிர்காமத்தம்பி இதே இடத்தில் நின்று சிரித்துக்கொண்டு சொன்னார்: "சேர், முதல் தண்ணிதான் தண்ணி. மருந்து மணக்காது. தேத்தண்ணி ஊத்தினா அந்த மாதிரி! பிந்தி வாற சனத்துக்குத்தான் உங்கட மருந்துத் தண்ணி."

"ஒரே தாங்கி, ஒரே தண்ணி" என்று வினாயகமூர்த்தி சீறினார். "அதில முதல் எண்டும் கடைசி எண்டும் இல்ல. உங்கட மூக்கில பிழை!"

கிழவர் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் நம்பியது. முதல் தண்ணிக்காகப் பின்னேரமே கானைக் கொண்டுவந்து வைப்பார்கள். நல்ல சனம், பிள்ளைத்தாய்ச்சிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் வரிசையில் முன்னுக்கு இடம் விடுவார்கள். சுகாதாரப் பரிசோதகருக்கோ இதைக் கேட்டாலே பத்திக்கொண்டு வரும்.

10.30. துறையடி.

தாங்கியில் மருந்து போடுபவள் கலாஜினி. மண்டூர்ப் பக்கத்துப் பெண். இருபத்துநாலு வயது. காலையில் வாவியைக் கடந்து வந்து மருந்து போட்டுவிட்டு, துறையடித் தையல் நிலையத்தில் வேலை செய்து, பின்னேரம் திரும்பிப் போவாள். வாவியைக் கடக்க இருந்தது ஒரு தட்டையான மிதவை. கயிற்றைப் பிடித்து இழுத்து அக்கரை சேர்ப்பார்கள். அதற்கு இங்கே 'பாதை' என்று பெயர்.

வாவியைக் கடப்பது என்றால் லேசான காரியமா? அந்த வருடங்களில் இந்த நாட்டில் எதுதான் ஒன்றாக இருந்தது! இந்தப் பக்கம் எழுவான்கரை, அரசாங்கத்தின் கையில். அந்தப் பக்கம் படுவான்கரை, இயக்கத்தின் கையில். இரண்டு சாவடி, இரண்டு முத்திரை, இரண்டு நேரம், இரண்டு அனுமதிக் கடிதம். ஒரு மூட்டை சீமெந்து அக்கரை போய்ச் சேர்வதற்குள் அது கல்லாகிவிடும்.

பத்து மணிக்கு வரச் சொல்லித் துண்டு அனுப்பியிருந்தார் வினாயகமூர்த்தி. அவள் வந்து சேர்ந்தபோது அவருடைய மணிக்கூட்டில் பத்தரை.

"பத்து மணி எண்டு எழுதினா பத்து மணிக்கு வரணும், புள்ள! ஒரு மனிசன் செத்துக் கிடக்கிறான்."

கலாஜினி தன் கையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

"இண்டைக்கு எத்தனை மணிக்கு மருந்து போட்டீங்க?"

"அஞ்சரைக்கு, சேர்."

"நேத்து?"

"அஞ்சரைக்கு. முதல் பாதையில வந்து இறங்கினா அஞ்சேகால். கரைச்சு மேல கொண்டுபோய் ஊத்தக்குள்ள சரியா அஞ்சரை."

"ஒரு நாளும் பிந்தினதில்ல?"

"இல்ல, சேர். கொப்பியப் பாருங்க."

பார்த்தார். 5.30, 5.30, 5.30. மற்றக் கொப்பியில் 6.00, 6.00, 6.00. இடையில் அரை மணி நேரம். ஒரு நிமிடமும் குறையவில்லை. இரண்டு கொப்பியையும் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவரையும் ஏச முடியாத கடுப்பில் மோட்டார் சைக்கிளை மூன்று தரம் உதைத்தார்.

12.15. ஆரையம்பதிப் பக்கத்துக் கிணறு.

கிணற்றைப் பார்த்த உடனே விளங்கியது. போன கிழமை ஐப்பசி மழையின் முதல் அடி. பத்து அடி தள்ளித் தற்காலிகமாகத் தோண்டிய மலகூடக் குழி நிரம்பி வழிந்து, கிணற்றுக் கட்டில் கோடு போட்டிருந்தது.

"இதுக்குள்ளயிருந்தா கிருமி வந்தது!" என்று வாய்விட்டுத் திட்டினார். குழி தோண்டியவனை, தோண்ட விட்டவனை, மழையை, எல்லாரையும். ஆனால் திட்டி முடிந்ததும் பழைய கேள்வி அப்படியே நின்றது. கிருமி வரும் என்று தெரிந்துதானே மருந்து போடுகிறோம்? மருந்து போட்டு, அரை மணி நேரம் விட்டு, 0.5 அளவும் இருக்கும் தண்ணீரில் அது எப்படிப் பிழைத்தது? ஊரில் தொண்ணூற்று நாலு குடும்பம் அதே தண்ணீரைக் குடித்தது. பதினொரு பேர்தான் விழுந்தார்கள். மற்றவர்களுக்கு ஏன் ஒன்றுமில்லை?

2.40. மறுபடி சந்தையடி.

ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிய நோயாளர் பட்டியலோடு வந்து வால்வுப் பெட்டியில் குந்தினார். ஒரே வீட்டுச் சாப்பாடா? இல்லை. ஒரே வரிசைக் கொட்டிலா? இல்லை. ஒன்று மேற்கே, ஒன்று கடற்கரையில், ஒன்று கோயிலுக்குப் பின்னால். செத்தவரையும் சேர்த்துப் பதினொரு பேர், எட்டுக் குடும்பம். குடும்ப இலக்கங்களைச் சும்மா வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"ஏழு. முப்பத்தொண்டு. பன்னிரண்டு. அறுபத்தாறு..."

தற்செயலாகக் கண் கான்களில் விழுந்தது.

முதலாவது கான் 7. இரண்டாவது 31. மூன்றாவது 66. நாலாவது 12. எழுந்து வரிசையோடு நடந்தார். பட்டியலில் இருந்த எட்டு இலக்கமும் முதல் ஒன்பது கான்களுக்குள் இருந்தன. ஒன்பதுக்குப் பிறகு எண்பத்தைந்து கான். அவற்றில் ஒரு நோயாளியும் இல்லை.

"நல்லரத்தினம் அண்ணன்! இந்த வரிசை எப்பவும் இப்படியா?"

"முன்னுக்கு நிக்கிற ஆக்கள் எப்பவும் அதே ஆக்கள்தான். முதல் தண்ணிப் பைத்தியம்."

வினாயகமூர்த்தி மஞ்சள் கானிடம் திரும்பி நடந்தார். முதல் தண்ணி. மருந்து மணக்காத தண்ணி. கிழவரின் மூக்கில் ஒரு பிழையும் இல்லை! மருந்து மணக்கவில்லை என்றால் மருந்து அங்கே இல்லை. தூளைத் தாங்கியின் மேல்வாயால் ஊற்றுவது, தண்ணீர் போவது அடிக்குழாயால். ஊற்றின உடனே திறந்தால் முதலில் போவது மருந்து படாத பச்சைத் தண்ணீர். ஒன்பது மணிக்குச் சோதித்தால் எல்லாம் கலந்து இளஞ்சிவப்பாகச் சிரிக்கும்.

அப்படியென்றால் மருந்து அஞ்சரைக்குப் போடப்படவில்லை. ஆறுக்குப் போட்டுவிட்டு அஞ்சரை என்று எழுதியிருக்கிறாள்!

"அந்தப் புள்ள என்ர மூஞ்சையப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கு!" என்று கத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தாவினார். அதுவோ தன் பங்குக்கு ஸ்டார்ட் ஆக மறுத்தது. இருநூறு யார் தூரத்தை நடந்தே போகலாம் என்பதும் கோபத்தில் மறந்து, ஒரு மணி நேரம் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஊதி, கடைசியில் தள்ளிக்கொண்டே ஓடினார்.

3.55. துறையடி.

கடைசிப் பாதை மூன்றரைக்கு என்று பலகையில் எழுதியிருந்தது. அவருடைய மணிக்கூட்டில் ஐந்து குறைய நாலு. போய்விட்டிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவருக்கு, பாதை அப்படியே கரையில் நிற்பது தெரிந்தது. ஓரத்தில் கலாஜினி குடையோடு குந்தியிருந்தாள்.

பாதைக்காரர் கனகசூரியம் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஆறுதலா வாங்க சேர். இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு."

"மூண்டரைப் பாதை மூண்டரைக்கு வெளிக்கிடாதா? எந்த நாளும் அரை மணி பிந்தித்தானே உங்கட..."

வாக்கியம் பாதியில் நின்றது.

கனகசூரியம் சிரித்தார். "பிந்தவும் இல்ல, முந்தவும் இல்ல. இது அக்கரைப் பாதை. துறையடியில பழைய நேரம்தானே சேர், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். யாருக்குத்தான் தெரியாது! கொழும்பு அரசாங்கம் நாட்டு மணிக்கூட்டை அரை மணி முன்னுக்குத் தள்ளி ஒன்பது வருடம். படுவான்கரை அதை ஏற்கவே இல்லை. இந்தக் கரையில் ஆறு என்றால் அந்தக் கரையில் அஞ்சரை. எல்லாருக்கும் தெரிந்த விசயம். பஸ்ஸுக்கு, பாதைக்கு, கலியாண நேரத்துக்கு என்று நாளுக்குப் பத்துத் தரம் கூட்டிக் கழித்துப் பழகிய விசயம். பழகிப்போனதால் ஒருவரும் யோசிக்காத விசயம்.

மெதுவாகக் கலாஜினிக்குப் பக்கத்தில் போனார். "புள்ள, கையைக் காட்டு."

அவள் காட்டினாள். மணிக்கூட்டில் 3.26.

"நீ தாங்கிக்கு இந்த நேரத்தையா பார்த்த?"

"ஓம் சேர். தாங்கி துறையடியில இருக்கு. துறையடியில எல்லாமே இந்த நேரம்தான். நீங்க எந்த நேரமெண்டு கடதாசியில எழுதல்ல." அவளுடைய கண் கலங்கிவிட்டது. "காலையிலயும் நான் பத்துக்குத்தான் வந்தன் சேர். நீங்கதான் ஏசினீங்க."

வினாயகமூர்த்தி திரும்பித் தாங்கியைப் பார்த்தார். அதன் காலில் லமினேட் பளபளத்தது. மு.ப. 5.30. இறப்பர் முத்திரையெல்லாம் இருந்தது. எந்த நேரம் என்ற அந்த ஒரு சொல் மட்டும் இல்லை.

4.45. பொலிஸ் சாவடி.

ஜீப் முற்றத்தில் உறுமிக்கொண்டு நின்றது. முஹம்மட்டை ஏற்ற இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். வெளியே சனம். வினாயகமூர்த்தி வேர்த்து விறுவிறுத்து ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

"இறக்குங்க அந்த மனிசன!"

"பேர் கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வந்திருக்கன். முதல்ல கேளுங்க."

இரண்டு கொப்பிகளையும் ஜீப்பின் மேல் விரித்தார். சனத்துக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"கிணத்தில மழையோட அழுக்கு வந்தது. முஹம்மட் அதக் கொண்டு வந்தார். அது அவர்ர வேலை. சுத்தம் பண்ணுறது எங்கட வேலை. கலாஜினி அஞ்சரைக்கு மருந்து போட்டா. பொய்யில்ல. அது அக்கரை அஞ்சரை, எங்கட ஆறு. நல்லரத்தினம் ஆறுக்குத் திறந்தார். பொய்யில்ல. அது எங்கட ஆறு. கொப்பியில பார்த்தா இடையில அரை மணி. உண்மையில ஒரு நிமிசமும் இல்ல! மருந்து விழக்குள்ளயே தண்ணி போயிருக்கு. முன்னுக்கு நிண்ட ஒன்பது கானுக்கும் பச்சைத் தண்ணி. மூண்டு மாசமா அப்படித்தான். மழைக்கு முன்னம் கிணறு சுத்தமா இருந்ததால ஒருத்தருக்கும் ஒண்டும் வரல்ல."

சனத்துக்குள் முன்னுக்கு நின்ற ஒரு பெண், "ஐயோ, நாங்கதானே பிள்ளைத்தாய்ச்சிய முன்னுக்கு விட்டது" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

சார்ஜன்ற் பேனையைத் திறந்தார். "அப்ப அந்தப் பெட்டை?"

"இல்ல. அவ கடதாசியில இருந்தபடி செய்தா."

"தபாற்கந்தோர் ஐயா?"

"அவரும் கடதாசியில இருந்தபடிதான்."

"அப்ப கடதாசி எழுதினது யார்?"

"அந்தப் பேரத்தான் கொண்டு வந்திருக்கன்" என்றார். "எழுதுங்க. வினாயகமூர்த்தி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இரண்டு நேரம் ஓடுற ஊரில, எந்த நேரமெண்டு எழுதாமக் கடதாசி ஒட்டினவன். இருபத்தாறு வருசமா மற்றவன்ர பிழையத் தேடினவன்."

சார்ஜன்ற் பேனையை நிறுத்தினார். "எழுதினா உங்க வேலை போகும். யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"அவர விடுங்க. நோன்பு துறக்க நேரமாகுது."

முஹம்மட் ஜீப்பிலிருந்து இறங்கினார். வினாயகமூர்த்தியை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, இரக்கமா என்று சொல்ல முடியாத பார்வை. "கண்ணாடி உடைஞ்ச பவுசரோட நாளைக்கு எப்படி சேர் தண்ணி கொண்டு வாற?" என்று மட்டும் கேட்டார். கல் எறிந்தவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு, தானே போய்க் கண்ணாடி வாங்கி வருவதாகச் சொன்னார்.

மாலை 6.15. ஏழாம் இலக்கக் கொட்டில்.

செத்தவீட்டுக்கு வினாயகமூர்த்தி தனியாகத்தான் போனார். அன்னப்பூரணியின் முன்னால் குந்தி, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் உங்களுக்குச் சொன்னார்தானே, முதல் தண்ணியில மருந்து மணக்கல்ல எண்டு?"

"சொன்னார்."

"மறுகா நீங்க என்ன சொன்னீங்க?"

"அவர்ர மூக்கில பிழை எண்டன்."

அன்னப்பூரணி அவரைப் பார்த்தாள். "மழை எந்தப் பக்கத்தால வருதெண்டு கடலுக்குள்ள நிண்டு மணந்து சொல்லுற மூக்கு அது. அதில பிழை எண்டீங்களா?" அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "படிச்ச ஆக்கள் எண்டா எங்கட சொல்லு ஒண்டும் காதுல விழாதா? எங்கட சொல்லக் கேட்டிருந்தா இந்த மனிசன் இப்ப எழும்பித் தேத்தண்ணி கேட்டிருப்பாரே!"

"ஓம். என்ர காதுலதான் பிழை" என்றார் வினாயகமூர்த்தி.

"போங்க" என்றாள் அவள். "நாளைக்காவது சரியாச் செய்யுங்க."

அடுத்த நாள் காலை 6.30. புது நேரம்.

இரவோடு இரவாகக் கிணற்றை மாற்றியாகிவிட்டது. தாங்கியைக் கழுவி, வேறு கிணற்றுத் தண்ணீரால் நிரப்பியாகிவிட்டது. கலாஜினி பழைய நேரம் அஞ்சரைக்கு மருந்து போட்டாள். புதுக் கடதாசியில் இரண்டு நேரமும் எழுதியிருந்தது. நல்லரத்தினம் ஆறு மணி 'பீப்'புக்கு அசையாமல், இன்னும் அரை மணி நேரம் வானொலியைக் காதில் வைத்தபடி நின்றார்.

மஞ்சள் கான் அதே முதலிடத்தில் நின்றது. ஒருவரும் அதைத் தள்ளவில்லை. செத்தவீட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

வினாயகமூர்த்தி கானைத் தூக்கிக் குழாயில் பிடித்தார். வால்வு திறந்தது. நிரம்பியதும் குனிந்து, கானின் வாயில் தன் மூக்கை வைத்தார்.

முதல் தண்ணியில் மருந்து மணத்தது. கானைத் தோளில் வைத்துக்கொண்டு ஏழாம் இலக்கக் கொட்டிலுக்கு நடந்தார்.